இறுதி ஊர்வலங்களின் பாதை: பழிக்குப் பழி ஏன் ஓய்வதில்லை?

கேட்கப்பட்ட கேள்வி இது: "மதத்தின் பெயராலும் அரசியலின் பெயராலும் நடக்கும் மோதல்கள் ஏன் தலைமுறைகள் தாண்டியும் ஓய்வதில்லை? இரண்டு பக்கமும் இழந்துகொண்டே இருக்கிறது. அது இரண்டு பக்கத்துக்கும் தெரிகிறது. பிறகும் ஏன் நிறுத்த முடியவில்லை? மதம்தான் காரணமா?"

உலகத்து மோதல்களையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிப் பதில் சொன்னால் அது யாருக்கும் பயன்படாது. பல ஆண்டுகளாக நான் ஊன்றிப் படித்துவரும் ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: வட அயர்லாந்து. 1960-களின் இறுதியிலிருந்து 1998 வரை அங்கே ஏறத்தாழ 3,500 பேர் கொல்லப்பட்டார்கள். மொத்த மக்கள்தொகை 15 லட்சத்தைச் சுற்றித்தான் இருந்தது. நம் ஊர்க் கணக்கில் ஒரு மாவட்டம். கொல்லப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எந்த ஆயுதமும் ஏந்தாத சாதாரண மக்கள். இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. அங்கே கொலைகள் பெருமளவு நின்றுவிட்டன. தீ எப்படிப் பரவியது, எப்படித் தணிந்தது என்ற இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க முடிவது அரிது.

1988 மார்ச் மாதத்தின் இரண்டு வாரங்களிலிருந்து தொடங்குகிறேன்.

மார்ச் 6 அன்று, ஸ்பெயினை ஒட்டிப் பிரிட்டன் வசமுள்ள ஜிப்ரால்டரில், வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரித்து அயர்லாந்தோடு சேர்க்க ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. அமைப்பின் உறுப்பினர்கள் மூவரைப் பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் நடுத்தெருவில் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் கார் குண்டு வைக்கத் திட்டமிட்டிருந்தது உண்மை; வெடிமருந்து ஏற்றிய கார் ஒன்று பிறகு ஸ்பெயினில் கிடைத்தது. ஆனால் சுடப்பட்ட நேரத்தில் மூவரிடமும் ஆயுதம் இல்லை. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், பத்து நீதிபதிகள் ஒரு பக்கமும் ஒன்பது பேர் மறுபக்கமுமாகப் பிரிந்து, அந்தக் கொலைகள் உயிர் வாழும் உரிமையை மீறியவை என்று தீர்ப்பளித்தது.

மார்ச் 16 அன்று, அந்த மூவரின் உடல்களும் வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்ட்டின் மேற்கே உள்ள மில்டவுன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தார்கள். பிரிட்டிஷ் முடியாட்சிக்கு விசுவாசிகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட ஆயுதக்காரர்களில் ஒருவன், தனி ஆளாக அந்தக் கூட்டத்துக்குள் வந்து கையெறி குண்டுகளை வீசினான், கைத்துப்பாக்கியால் சுட்டான். மூன்று பேர் இறந்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

மார்ச் 19 அன்று, மில்டவுனில் இறந்தவர்களில் ஒருவரின் இறுதி ஊர்வலம். அந்த ஊர்வலத்தின் எதிரே, சாதாரண உடையில் இரண்டு பிரிட்டிஷ் ராணுவத்தினர் வந்த கார் ஒன்று வந்து சிக்கியது. பின்னால் எடுக்க முயன்றார்கள், வழி அடைபட்டது. ஒருவர் வானத்தை நோக்கிச் சுட்டார். கூட்டம் அவர்களை இழுத்துப்போட்டு அடித்தது. ஐ.ஆர்.ஏ.வினர் அருகிலிருந்த வெற்று நிலத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். மேலே பறந்துகொண்டிருந்த ராணுவ ஹெலிகாப்டர் அத்தனையையும் படம் பிடித்தது.

பதின்மூன்று நாள். மூன்று சாவுகளுக்கு ஓர் அடக்கம், அந்த அடக்கத்தில் மூன்று சாவுகள், அவற்றில் ஒன்றுக்கான ஊர்வலத்தில் இன்னும் இரண்டு. அந்தக் காரைக் கண்ட கூட்டம் என்ன நினைத்திருக்கும்? மூன்று நாளுக்கு முன் சவ அடக்கத்தில் குண்டு வீசியவனைப் பார்த்த மக்கள், இதோ இன்னொருவன் வந்துவிட்டான் என்றுதான் நினைத்தார்கள். அந்தக் கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. பிடிபட்டு, ஆடை களையப்பட்டு, ஓட வழியில்லாமல் கிடந்த இருவரைச் சுட்டது கொடூரம்தான். ஆனால் அந்தத் தெருவில் முதலில் நுழைந்தது அச்சம். வெறுப்பு அதன் பின்னால் வந்தது. நீண்ட மோதலில் வாழும் மக்கள் கண்ணெதிரே நடப்பதை உள்ளபடி பார்ப்பதில்லை. கடைசியாகச் சென்ற சாவு வீட்டிலிருந்து பார்க்கிறார்கள்.

அந்த வெற்று நிலத்துக்குப் பிறகு திரும்பி வருகிறேன். அங்கே இன்னொரு மனிதர் இருந்தார். அதற்குமுன் மதத்தைப் பற்றிய கேள்வி.

கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் சண்டையிட்டார்கள் என்று சொல்வது சரிதான், ஆனால் பாதிதான் சரி. திருவிருந்தின் அப்பத்தில் கிறிஸ்துவின் உடல் இருக்கிறதா என்பதற்காக யாரும் யாரையும் சுடவில்லை. அங்கே மதம் ஏறத்தாழ நம் ஊர்ச் சாதியைப் போல வேலை செய்தது: என்ன நம்புகிறாய் என்பதைவிட யாருக்குப் பிறந்தாய் என்பதையே அது சொன்னது. பெயரைக் கேட்டால் தெரியும். படித்த பள்ளியைக் கேட்டால் தெரியும். ஆங்கில எழுத்து எட்டாவதை 'ஹெய்ச்' என்று சொன்னால் கத்தோலிக்கர், 'எய்ச்' என்றால் புராட்டஸ்டன்ட். ஒரே நகரத்தை ஒருவர் டெர்ரி என்பார், மற்றவர் லண்டன்டெர்ரி என்பார். தனிப் பள்ளி, தனித் தெரு, தனி மதுக்கடை, தனிக் கல்லறை. எதிர்த்தரப்பைச் சேர்ந்த ஒருவரோடும் நட்பாகப் பேசாமலே ஒருவர் பிறந்து வளர்ந்து வேலைக்குப் போகும் வயதை எட்டிவிட முடியும்.

அடியில் கிடந்தது நிலமும் ஆட்சியும். 1609-இல் தொடங்கிய குடியேற்றத்தில் அல்ஸ்டர் மாகாணத்து அயர்லாந்துக்காரர்களின் நிலம் பறிக்கப்பட்டு ஸ்காட்லாந்து, இங்கிலாந்துக் குடியேறிகளுக்குத் தரப்பட்டது. 1921-இல் தீவு பிரிக்கப்பட்டபோது, புராட்டஸ்டன்டுகள் மூன்றில் இரண்டு பங்காக இருக்கும்படி ஆறு மாவட்டங்கள் வட அயர்லாந்தாக வகுக்கப்பட்டன. இதன் விளைவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வட அயர்லாந்துக்குள் கத்தோலிக்கர் சிறுபான்மை. முழுத் தீவையும் கணக்கில் எடுத்தால் புராட்டஸ்டன்டுகள் சிறுபான்மை. ஆக இரு தரப்பாரும் தங்களைச் சூழப்பட்டவர்களாகவே உணர்ந்தார்கள். பெரும்பான்மையின் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிறுபான்மையின் அச்சத்தோடு ஆள்பவர்கள் மிகவும் ஆபத்தானவர்கள். விட்டுக்கொடுப்பது ஒவ்வொன்றும் அவர்களுக்கு அழிவின் முதல் படியாகத் தெரியும்.

அப்படி ஆண்டதன் பலன் டெர்ரி நகரசபையில் தெரிந்தது. நகரில் கத்தோலிக்கர்களே பெரும்பான்மை. ஆனால் வட்டங்களை வெட்டிய விதத்தால் இருபது இடங்களில் பன்னிரண்டு பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க விரும்பிய புராட்டஸ்டன்டுகளின் ஒன்றியவாதக் கட்சிக்கு, எட்டு மட்டுமே எதிர்த்தரப்புக்கு. உள்ளாட்சித் தேர்தலில் வீட்டுக்கு உரிமையாளரோ வாடகைதாரரோ ஆனவர்களுக்கும் அவர்களின் துணைகளுக்கும்தான் வாக்கு. எனவே நகரசபை யாருக்கு வீடு ஒதுக்குகிறது என்பது யாருக்கு வாக்குரிமை தருகிறது என்பதாகவே ஆயிற்று. 1968 ஜூனில் கலெடன் என்ற சிற்றூரில், பிள்ளைகுட்டிகளோடு கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்குக் காத்திருக்க, திருமணமாகாத பத்தொன்பது வயது புராட்டஸ்டன்ட் பெண் ஒருவருக்கு வீடு தரப்பட்டது. அந்த ஒற்றை வீட்டிலிருந்துதான் சிவில் உரிமை இயக்கத்தின் ஊர்வலங்கள் சூடுபிடித்தன. அவர்கள் கேட்டது ஆளுக்கு ஒரு வாக்கு, நியாயமான வீட்டு ஒதுக்கீடு, பாகுபாடற்ற வேலைவாய்ப்பு. 1968 அக்டோபர் 5 அன்று டெர்ரியில் அந்த ஊர்வலத்தைப் போலீஸ் தடியால் அடித்து நொறுக்கியது. தொலைக்காட்சிக் கேமரா அதைப் பதிவுசெய்தது.

நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்தி இங்கே வருகிறது. அந்தக் கோரிக்கைகளில் பெரும்பகுதி விரைவிலேயே ஏற்கப்பட்டது. உள்ளாட்சித் தேர்தலில் எல்லோருக்கும் வாக்கு என்பது 1969-இலேயே சட்டமானது. வீட்டு ஒதுக்கீடு 1971-இல் நகரசபைகளின் கையிலிருந்து பிடுங்கப்பட்டுப் பொது அமைப்பு ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்படியானால் சண்டை முடிந்திருக்க வேண்டும் அல்லவா? 1970-இல் கொல்லப்பட்டவர்கள் முப்பது பேருக்கும் குறைவு. 1972-இல் ஏறத்தாழ 480 பேர். கோரிக்கை நிறைவேற நிறைவேறச் சாவு பெருகியது.

சண்டை தொடங்கிய காரணமும் சண்டை தொடர்ந்த காரணமும் வேறுவேறு என்பதே இதற்கு விளக்கம். தொடங்கியது வீடும் வாக்கும். இரத்தம் சிந்திய பிறகு, சிந்திய இரத்தமே காரணமாகிவிட்டது. வெளியிலிருந்து சமாதானம் பேச வருபவர்கள் பலர் முதல் காரணத்தைத் தீர்த்துவிட்டு, இன்னும் ஏன் ஓயவில்லை என்று வியப்பதை எத்தனையோ மோதல்களில் காணலாம்.

முதல் காரணம் இரண்டாவதாக உருமாறியதில் அரசின் கைக்குப் பெரிய பங்கு இருந்தது. 1969 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்ட்டில் கிளோனார்ட் மடத்தை ஒட்டிய பாம்பே தெருவின் கத்தோலிக்க வீடுகளைப் புராட்டஸ்டன்ட் கும்பல் கொளுத்தியது. பிரிட்டிஷ் ராணுவம் இறங்கியபோது கத்தோலிக்கப் பெண்கள் சிப்பாய்களுக்குத் தேநீர் கொடுத்து வரவேற்றார்கள். ஓராண்டுகூட அந்த நல்லெண்ணம் நிலைக்கவில்லை. 1970 ஜூலையில் ஃபால்ஸ் பகுதியில் ஊரடங்கு போட்டு, வீடு வீடாகப் புகுந்து ஆயுதம் தேடினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். பக்கத்துப் பகுதிப் பெண்கள் குழந்தை வண்டிகளில் ரொட்டியும் பாலும் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து ஊரடங்கை உடைத்தார்கள். 1971 ஆகஸ்ட் 9 அன்று விசாரணையில்லாத காவல் தொடங்கியது. முதல் நாளில் மட்டும் 342 பேர். போலீஸ் கையிலிருந்த பட்டியல் பழையது, ஐ.ஆர்.ஏ.வோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் பலர் அதில் இருந்தார்கள். புராட்டஸ்டன்ட் தரப்பிலும் கொலைகாரக் குழுக்கள் இருந்தன, ஆனால் அவர்களில் ஒருவரையும் 1973 வரை இப்படி அடைக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அடைக்கப்பட்ட 1,981 பேரில் 107 பேர் மட்டுமே அந்தப் பக்கம்.

பிறகு 1972 ஜனவரி 30. டெர்ரியில் விசாரணையில்லாத காவலை எதிர்த்து நடந்த ஊர்வலத்தின்மீது பாராசூட் படையினர் சுட்டார்கள். பதின்மூன்று பேர் அன்றே இறந்தார்கள். காயமடைந்தவர்களில் ஒருவர் சில மாதங்களில் இறந்தார். அந்தக் கொலைகளுக்கு இணையாகக் கேடு செய்தது அதையடுத்து வந்த விசாரணை அறிக்கை என்பது என் கருத்து. பதினோரு வாரத்துக்குள் தலைமை நீதிபதி விட்ஜரி தந்த அறிக்கை சிப்பாய்களைப் பெரும்பாலும் விடுவித்தது. இறந்தவர்களில் சிலர் ஆயுதம் வைத்திருந்திருக்கலாம் என்ற சந்தேகத்தையும் விட்டுவைத்தது. அதாவது பிணத்தின் மீதே குற்றம் சாட்டியது. நீதிமன்றத்தின் கதவு அப்படி அடைபட்டபோது, தம்பியை இழந்த ஓர் இளைஞன் வேறு எந்தக் கதவைத் தட்டுவான்? அந்த ஆண்டு ஐ.ஆர்.ஏ.வில் சேர ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இறந்தவர்கள் அனைவரும் குற்றமற்றவர்கள் என்று சாவில் பிரபுவின் விசாரணை அறிவித்து, பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2010 ஜூன் 15 அன்று. முப்பத்தெட்டு ஆண்டு. அந்தச் செய்தியைக் கேட்க டெர்ரியின் சதுக்கத்தில் கூடிய கூட்டத்தின் படங்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை இழந்த பெற்றோர் பலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

பழிக்குப் பழியின் உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது. அதைப் புரிந்துகொள்ள கிங்ஸ்மில்லுக்குப் போக வேண்டும்.

1976 ஜனவரி 4 இரவு, ஆர்மா, டவுன் மாவட்டங்களில் இரண்டு கத்தோலிக்கக் குடும்பங்களின் வீடுகளுக்குள் புகுந்து சுட்டார்கள். இரு குடும்பங்களிலும் சேர்த்து ஆறு உயிர் போயிற்று. செய்தது யூ.வி.எஃப். என்ற புராட்டஸ்டன்ட் தரப்பு ஆயுதக் குழு. அந்தப் பகுதியில் இயங்கிய அதன் கும்பலில் போலீஸ்காரர்களும் உள்ளூர்ப் படைப்பிரிவினரும் இருந்தது பிறகு வெளிவந்தது. மகன்களைப் பறிகொடுத்த தந்தை, தங்கள் பெயரால் யாரும் பழிவாங்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் மாலை, நெசவாலைத் தொழிலாளர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த சிற்றுந்து ஒன்றைக் கிங்ஸ்மில் அருகே ஆயுதக்காரர்கள் நிறுத்தினார்கள். எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து, "இதில் கத்தோலிக்கர் யார்?" என்று கேட்டார்கள். ஒரே ஒருவர்தான் கத்தோலிக்கர். வந்தவர்கள் முந்தைய இரவின் கொலைகாரர்கள், இவரைத்தான் கொல்லத் தேடுகிறார்கள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அருகில் நின்ற புராட்டஸ்டன்ட் தோழர்கள், அடையாளம் காட்டிக்கொள்ளாதே என்று அவரைத் தடுத்தார்கள். ஆனால் அவரை மட்டும் ஓடிப்போகச் சொல்லிவிட்டு, மீதிப் பதினொரு பேரையும் சுட்டார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். ஐ.ஆர்.ஏ. தான் செய்ததாக ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை, வேறு பெயரில் உரிமை கோரப்பட்டது, செய்தவர்கள் ஐ.ஆர்.ஏ.வினரே என்று பின்னாளைய விசாரணைகள் உறுதிசெய்தன.

இந்தச் சம்பவத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. தோழனைக் காப்பாற்றக் கை நீட்டிய அந்தத் தொழிலாளிகள் யாருக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? முந்தைய இரவு சுட்டவனுக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு? மதம் ஒன்று, அவ்வளவுதான். பழியின் கணக்கு இப்படித்தான் இயங்குகிறது. குற்றவாளி கையில் கிடைக்க மாட்டான். அவனிடம் ஆயுதம் இருக்கிறது, அவன் எச்சரிக்கையாக இருக்கிறான். கையில் கிடைப்பவன் அவன் இனத்தைச் சேர்ந்த அப்பாவி. கடன் ஒருவன் பட்டது, வசூல் இன்னொருவனிடம். அப்படி வசூலிக்கப்பட்டவனின் குடும்பத்துக்கு அது பழியாகவே தெரியாது. காரணமில்லாமல் தொடுக்கப்பட்ட புதிய தாக்குதலாகத் தெரியும். ஆகவே இரு தரப்புக் கணக்குப் புத்தகங்களும் ஒருபோதும் நேராவதில்லை. ஒவ்வொருவரும் தாம் பதிலடிதான் கொடுக்கிறோம் என்று மனமார நம்புகிறார்கள். முதல் அடி எப்போதும் மற்றவன் அடித்தது.

அதைவிட ஆழமான பிடி ஒன்று உண்டு. இறந்தவர்களுக்குப் பட்ட கடன். 1981-இல் சிறைக்குள் உண்ணாவிரதம் இருந்து, ஐ.ஆர்.ஏ.வையும் அதே தரப்பின் இன்னோர் ஆயுதக் குழுவையும் சேர்ந்த பத்துக் கைதிகள் இறந்தார்கள். முதலில் இறந்த பாபி சாண்ட்ஸ் உண்ணாவிரதத்தின் நடுவே நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். 66-ஆம் நாள் உயிர் பிரிந்தது. அவருடைய இறுதி ஊர்வலத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அத்தனை பேர் முன்னால் எந்தத் தலைவர் எழுந்து, இனி பாதி வழியில் உடன்பாடு செய்துகொள்வோம் என்று சொல்ல முடியும்? "அப்படியானால் அவர்கள் எதற்காகச் செத்தார்கள்?" என்ற கேள்வி உடனே எழும். மறுபக்கத்திலும் அதே கேள்விதான்: ஐ.ஆர்.ஏ. குண்டில் மடிந்த போலீஸ்காரரின் மனைவி முன்னால் நின்று, கொன்றவர்களோடு ஒரே அமைச்சரவையில் உட்காரப் போகிறேன் என்று எந்த ஒன்றியவாதத் தலைவர் சொல்வார்? சாவு ஒவ்வொன்றும் சமரசத்தின் விலையை ஏற்றிவிடுகிறது.

சண்டையால் ஆதாயம் கண்டவர்களும் இருந்தார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம் என்பது அங்கும் பொருந்தும்: தெருக்களில் பாதுகாப்புப் பணம் வசூலித்தவர்கள், தங்கள் பகுதியில் தாங்களே போலீசாகவும் நீதிபதியாகவும் இருந்து முழங்காலில் சுட்டுத் தண்டித்தவர்கள். ஆனால் இவர்களை மூலகாரணமாக்கும் விளக்கம் எனக்கு உவப்பாக இல்லை. கொள்ளைக்காக மட்டும் யாரும் அறுபத்தாறு நாள் பட்டினி கிடந்து சாவதில்லை.

இப்போது மீண்டும் அந்த வெற்று நிலம். 1988 மார்ச் 19.

குண்டுச் சத்தம் கேட்டபின் அங்கே மண்டியிட்டு, இறந்துகொண்டிருந்த ராணுவத்தினரின் வாயோடு வாய் வைத்து மூச்சூட்டிப் பார்த்து, முடியாமல் போகவே கடைசிச் சடங்கைச் செய்தார் ஒரு பாதிரியார். அவர் உதட்டில் இரத்தம் ஒட்டியிருக்கும் புகைப்படம் உலகம் முழுதும் போயிற்று. அவர் பெயர் அலெக் ரீட். பாம்பே தெரு எரிந்ததே, அதை ஒட்டிய கிளோனார்ட் மடத்துத் துறவி. அந்த நேரத்தில் அவரிடம் ஓர் உறை இருந்தது அப்போது யாருக்கும் தெரியாது. ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான சின் ஃபெய்ன் கட்சியின் தலைவர் ஜெரி ஆடம்ஸ் தரப்பு, கத்தோலிக்கர்களின் அமைதி வழிக் கட்சித் தலைவர் ஜான் ஹியூமுக்கு அனுப்பிய ஆவணம் அதில் இருந்தது. உறையில் இரத்தம் பட்டுவிட்டது. ரீட் உறையை மாற்றினார். அன்றே டெர்ரிக்குப் போய் ஆவணத்தை ஹியூமிடம் சேர்த்தார்.

அந்த மனிதர் அன்று வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. பேச்சு வார்த்தை தேவைப்படாத நாளில் பேசுவது எளிது. எல்லோரும் பேச்சை நிறுத்தும் நாளில் பேசுவதற்கு ஆள் வேண்டும்.

1993 அக்டோபரில் அதே சோதனை ஹியூமுக்கு வந்தது. பெல்ஃபாஸ்ட்டில் புராட்டஸ்டன்டுகள் வாழும் ஷாங்கில் சாலையில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டில் ஒன்பது பேரும் குண்டு வைத்தவரும் இறந்தார்கள். ஒரு வாரத்தில் கிரேஸ்டீல் என்ற ஊரின் மதுக்கடையில் மறுதரப்பார் சுட்டதில் எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். ஆடம்ஸோடு பேசிக்கொண்டிருப்பதற்காக ஹியூமைப் பத்திரிகைகள் கிழித்துக்கொண்டிருந்தன. கிரேஸ்டீல் சாவுக்குப் போனபோது, தந்தையை இழந்த மகள் ஒருவர் அவரிடம் வந்து, உங்கள் முயற்சி வெற்றி பெற வேண்டும் என்று அப்பாவின் சவப்பெட்டியைச் சுற்றி நின்று நேற்றிரவு ஜெபித்தோம் என்றார். ஹியூம் உடைந்து அழுதார். பேச்சு நிற்கவில்லை. அதே மாதங்களில் லண்டன் அரசும் ரகசியமாக ஐ.ஆர்.ஏ.வோடு செய்தி பரிமாறிக்கொண்டிருந்தது. அவர்களோடு பேசுவதை நினைத்தாலே குமட்டும் என்று பிரதமர் ஜான் மேஜர் நாடாளுமன்றத்தில் சொன்ன அதே நவம்பரில் அந்தத் தொடர்பு அம்பலமானது. பத்து மாதம் கழித்து, 1994 ஆகஸ்ட் 31 அன்று, ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்தது.

நல்ல மனிதர்களின் மன்னிப்பு மட்டுமே இதைச் சாதித்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1987-இல் எனிஸ்கில்லனில் ஐ.ஆர்.ஏ. குண்டில் மகளை இழந்த கார்டன் வில்சன், எனக்கு யார்மீதும் பகையில்லை என்று அந்தத் துயரத்தின் நடுவிலேயே சொன்னார். நாடே நெகிழ்ந்தது. 1993-இல் அவரே ஐ.ஆர்.ஏ. ஆட்களைச் சந்தித்து நிறுத்தச் சொல்லிக் கேட்டபோது, அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

மன்னிப்போடு ஏற்பாடும் வேண்டியிருந்தது. 1998 ஏப்ரல் 10 பெரிய வெள்ளி உடன்படிக்கை அந்த ஏற்பாடு. இதற்கு இணையாக, இரு தரப்பும் சேர்ந்து ஆளும் அதிகாரப் பகிர்வு 1973-இல் சன்னிங்டேல் ஒப்பந்தத்திலேயே வந்தது. 1974 மே மாதத்தில் புராட்டஸ்டன்ட் தொழிலாளர்களின் இரண்டு வார வேலைநிறுத்தம் அதைக் கவிழ்த்தது. மெதுவாகக் கற்பவர்களுக்கான சன்னிங்டேல் என்று 1998 உடன்படிக்கையை ஹியூம் கட்சியின் துணைத் தலைவர் ஷேமஸ் மாலன் குறிப்பிட்டார். இடைப்பட்ட கால்நூற்றாண்டில் இறந்தவர்களை எண்ணினால் அந்தச் சொல்லின் வலி புரியும். ஆனால் வேறுபாடும் இருந்தது. 1973-இல் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் வெளியே நின்றார்கள். 1998-இல் அவர்களும் மேசைக்கு வந்தார்கள். வட அயர்லாந்து பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்பதை அங்குள்ள பெரும்பான்மையின் விருப்பத்துக்கு விட்டார்கள். யாரும் தன் கனவைக் கைவிட வேண்டியதில்லை; கனவுக்காகச் சுடுவதை மட்டும் கைவிட வேண்டும். எவரும் பிரிட்டிஷ்காரராகவோ அயர்லாந்துக்காரராகவோ இரண்டுமாகவோ இருக்கலாம். நானூறுக்கும் மேற்பட்ட கைதிகளை இரண்டு ஆண்டுக்குள் விடுவித்தார்கள். கொன்றவன் தெருவில் நடப்பதைப் பார்த்த குடும்பங்களுக்கு அது எத்தகைய வேதனை என்று என்னால் அளவிட முடியவில்லை. அந்த விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள்தான், அரசியல்வாதிகள் அல்ல. பிறகு போலீசையே சீரமைத்து மறுபெயரிட்டு, பத்தாண்டுக் காலம் புதிதாகச் சேர்ப்பவர்களில் பாதி கத்தோலிக்கர், பாதி மற்றவர் என்று சட்டமியற்றினார்கள். இந்தப் போலீஸ் மாற்றம்தான் உடன்படிக்கையின் முதுகெலும்பு என்று நான் கருதுகிறேன். புகார் கொடுக்க ஓர் இடம் உண்டு, அந்த இடத்தில் நம்மவரும் இருக்கிறார் என்ற நிலை வந்தபோதுதான் தெருக்காவலர்களின் துப்பாக்கிக்குத் தேவை குறைந்தது.

உடன்படிக்கை நிறைவேறிய நான்காவது மாதம், ஆகஸ்ட் 15 அன்று, அதை ஏற்காத பிரிவினர் ஓமா நகரில் கார் குண்டு வெடித்து 29 பேரைக் கொன்றார்கள். இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்த ஒரு தாயும் அவர்களில் ஒருவர். இந்த முப்பதாண்டு மோதலில் வட அயர்லாந்துக்குள் ஒரே தாக்குதலில் நேர்ந்த மிகப் பெரிய உயிரிழப்பு அது. குண்டு வைத்தவர்களின் நோக்கம் தெளிவு: மறுதரப்பைப் பதிலடிக்குத் தூண்டு, சமரசம் தானே சாகும்.

மத்தியக் கிழக்கில் அந்தக் கணக்கு பலித்திருந்தது. இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் செய்துகொண்ட ஆஸ்லோ சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான அடுத்த ஆண்டு, 1994 பிப்ரவரி 25 அன்று, ஹெப்ரான் மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பாலஸ்தீனர்களை யூதக் குடியேறி ஒருவன் சுட்டுக் கொன்றான். நாற்பது நாள் துக்கம் முடிந்ததும் ஹமாஸ் இஸ்ரேலின் அஃபுலா நகரில் பஸ் அருகே குண்டை வெடிக்கச் செய்தது. 1995 நவம்பர் 4 அன்று ஒப்பந்தம் செய்த இஸ்ரேல் பிரதமர் ராபினைக் கொன்றவன் பாலஸ்தீனன் அல்லன், யூதத் தீவிரவாதி. 1996 தொடக்கத்தில் தொடர்ந்த பஸ் குண்டுகளுக்குப் பிறகு, மே மாதத் தேர்தலில் ஆஸ்லோவை எதிர்த்த நெதன்யாகு நூலிழையில் வென்றார். பகைவர்களான இரு தரப்புத் தீவிரவாதிகள் ஒருவரையொருவர் சந்திக்காமலே ஒரே வேலையைச் செய்து முடித்தார்கள்.

ஓமாவுக்குப் பிறகு அது நடக்கவில்லை. மறுதரப்பு ஆயுதக் குழுக்கள் பதிலடி கொடுக்கவில்லை. ஆடம்ஸ் எந்தச் சப்பைக்கட்டும் இல்லாமல் கண்டித்தார், முன்பு ஐ.ஆர்.ஏ. குண்டுகளுக்கு அப்படி அவர் சொன்னதில்லை. மூன்று மாதத்துக்கு முன்புதான் வட அயர்லாந்தில் 71 சதவீதம் பேர் உடன்படிக்கைக்கு வாக்களித்திருந்தார்கள். குண்டு வைத்தவர்கள் யாருக்காகப் போராடுவதாகச் சொன்னார்களோ அந்த மக்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆஸ்லோவில் வாக்குறுதிகள் இருந்தன, ஆனால் எல்லை, அகதிகள், ஜெருசலேம் போன்ற கடினமான கேள்விகள் அனைத்தும் பிற்பாடு என்று ஒத்திப்போடப்பட்டன. குடியேற்றங்கள் பெருகிக்கொண்டே இருந்தன. மக்கள் காத்திருப்பதற்குக் கண்ணெதிரே காரணம் இருந்தால்தான் கோபத்தை அடக்கிக்கொள்வார்கள். பெல்ஃபாஸ்ட்டில் அந்தக் காரணம் இருந்தது.

'வன்முறைச் சுழற்சி' என்ற சொல் எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம். செக்கைப் போலத் தானாகச் சுற்றுகிறது என்ற எண்ணத்தை அது தருகிறது. கைதுப் பட்டியலில் ஒருவர் கையெழுத்திட்டார். விட்ஜரி ஒரு பக்கம் எழுதினார். கிங்ஸ்மில்லில் ஒருவன் வரிசையில் நிற்கச் சொன்னான். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கை இருந்தது. வேறு விதமாகவும் செய்திருக்க முடிந்த கை.

அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 1969-இல் தற்காலிகமாக எழுப்பிய தடுப்புச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன, சில உயர்ந்திருக்கின்றன. 2023-க்குள் எல்லாவற்றையும் அகற்றுவோம் என்ற அரசின் அறிவிப்பு நிறைவேறவில்லை. கிளோனார்ட் மடத்துக்கருகே மீண்டும் கட்டப்பட்ட பாம்பே தெரு வீடுகளின் கொல்லைப்புறம், சுவருக்கு அப்பாலிருந்து கல் விழாதபடி கம்பிக் கூண்டால் மூடப்பட்டிருக்கிறது. பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் இன்றும் தனித்தனிப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். 1971-இல் பெல்ஃபாஸ்ட்டின் பாலிமர்ஃபி பகுதியில் கொல்லப்பட்ட பத்துப் பேர் முழுக்கக் குற்றமற்றவர்கள் என்ற தீர்ப்பு 2021-இல்தான் வந்தது. எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த அளவுகூடக் கிடைக்கவில்லை.

ஐ.ஆர்.ஏ. தன் ஆயுதங்களைக் கைவிட்டது 2005-இல். கனடா நாட்டு ஜெனரல் ஜான் டி சாஸ்டலைன் தலைமையிலான குழு அதை மேற்பார்வையிட்டது. ஒரு தரப்பின் சொல்லை மறுதரப்பு நம்பாது என்பதால் சாட்சிகளாக இரண்டு மதகுருமார்களை அழைத்துப்போனார்கள். ஒருவர் மெதடிஸ்ட் சபையின் ஹரோல்ட் குட். மற்றவர் அலெக் ரீட். நாள் கணக்கில் இருவரும் ஊர் ஊராகப் போய், துப்பாக்கிகளும் வெடிமருந்தும் எண்ணப்பட்டுச் செயலிழக்கச் செய்யப்படுவதைப் பார்த்தார்கள். அந்த நாள்களில் காவலுக்கு ஆயுதத்தோடு ஓர் ஐ.ஆர்.ஏ. ஆள் உடன் வந்துகொண்டிருந்ததாகவும், எல்லாம் முடிந்தபின் அவர் தன் கையிலிருந்த துப்பாக்கியையும் ஜெனரலிடம் கொடுத்ததாகவும், கொடுக்கும்போது அவர் கலங்கியிருந்ததாகவும் ஹரோல்ட் குட் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.